கீழ்த்தளத்தில் பொது மருத்துவம், மேல்தளத்தில் பல் மருத்துவம்: இரண்டையும் இணைப்பதை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி | படிக்கட்டு

அனைவருக்கும் வணக்கம். சமூக நலவாழ்வு மையம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றுகிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பொது மருத்துவப் பிரிவும் தடுப்பூசி அறையும் ஆய்வகமும் உள்ளன. மேல்தளத்தில் இரண்டு நாற்காலிகளுடன் பல் மருத்துவப் பிரிவு இயங்குகிறது. எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதால் ஆண்டறிக்கையில் ‘ஒருங்கிணைந்த சேவை’ என்றே எழுதிவருகிறோம். அந்தச் சொல்லுக்கு நாங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பது, அண்மையில் ஒரே நோயாளியின் இரண்டு கோப்புகளையும் மேசையில் அருகருகே வைத்துப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஐம்பது வயதைக் கடந்த அந்த அம்மையார் நீரிழிவுக்காக ஒன்றரை ஆண்டுகளாகத் தவறாமல் கீழ்த்தளத்துக்கு வந்துகொண்டிருக்கிறார். அதற்குள் மருந்தின் அளவு மூன்று முறை கூட்டப்பட்டும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 9-க்குக் கீழே இறங்கவில்லை. உணவு, நடைப்பயிற்சி, மாத்திரையை வேளை தவறாமல் எடுக்கிறாரா என்பதெல்லாம் ஒவ்வொரு வருகையிலும் கேட்கப்பட்டிருக்கின்றன. வாயைத் திறக்கச் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. இதே காலத்தில், ஆடிக்கொண்டிருந்த கீழ் முன்பற்களைப் பிடுங்கிக்கொள்வதற்காக அவர் இரண்டு முறை மேல்தளத்துக்கும் சென்றிருக்கிறார். அங்குள்ள கோப்பில் ‘வேறு நோய்கள்: இல்லை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “பல்லுக்குத்தானே வந்தேன், அதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதை எங்கள் கட்டடம்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

கீழிருந்து மேலே அனுப்பும் பரிந்துரைச் சீட்டு எங்களிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் மேலே சென்றார்கள் என்று யாரும் எண்ணியதில்லை. நான் கடந்த மாதத்துச் சீட்டுகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் படியேறவே இல்லை என்று தெரிந்தது. நிர்வாகக் குழு மூன்றாவது நாற்காலி வாங்குவதே தீர்வு என்று நினைக்கிறது. எனக்கு அதில் ஐயம் இருக்கிறது. இருக்கும் ஆட்களையும் இருக்கும் அறைகளையும் வைத்துக்கொண்டே இணைப்பைத் தொடங்குவதென்றால் முதல் அடி எதுவாக இருக்க வேண்டும், எந்தப் பொறுப்பை யார் ஏற்க வேண்டும், இரு பிரிவுகளின் கோப்புகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி எப்படிச் செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி | கடைவாய்ப்பல்

வணக்கம். நான் பல் மருத்துவர். உங்களுடையதைப் போன்ற மையம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். நீங்கள் ஐயப்படுவது சரியே. நாற்காலியைக் கூட்டினால் ஏற்கெனவே வலியோடு படியேறி வருபவர்களை இன்னும் விரைவாகப் பார்க்கலாம். வராதவர்கள் அப்போதும் வரமாட்டார்கள்.

எல்லா நோயாளிகளுக்கும் ஒரே நேரத்தில் இணைப்பைத் தொடங்க வேண்டாம். நீரிழிவு நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அதற்குக் காரணம் உண்டு. ஈறுநோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்டு லோ 1993-இல் எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றோடு ஈறையும் அந்த வரிசையில் வைத்தார். இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது ஈறின் நோய் எதிர்ப்பு ஒழுங்கு குலைகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. மறுதிசையிலும் இது நடக்கிறது: நீண்ட நாள் அழற்சியில் இருக்கும் ஈறிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருட்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. ஈறுநோய்க்கு ஈறுக்கடியில் ஆழமாகச் சுத்தம் செய்யும் சிகிச்சை அளித்தால் மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாகச் சுமார் 0.4 புள்ளி குறைகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022-ஆம் ஆண்டு மீளாய்வு காட்டியது. மருந்துக்கு மாற்றாக இதை யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று முறை மாத்திரையைக் கூட்டிய மருத்துவருக்கு, நான்காவது முறை கூட்டுவதற்கு முன் ஈறைப் பார்க்க இது போதுமான காரணம்.

கீழ்த்தளத்தில் இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்கும் செவிலியரே வாயையும் பார்த்துவிடலாம். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா, பல் ஏதேனும் ஆடுகிறதா, ஒரு பக்கமாக மட்டும் மெல்லுகிறீர்களா, வாய் வறண்டுபோகிறதா என்று நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு, செயற்கைப் பல்செட்டு இருந்தால் கழற்றச் சொல்லி, டார்ச் விளக்கை அடித்து ஈறின் ஓரத்தைப் பார்த்தால் போதும். பல்செட்டைக் கழற்றாமல் பார்ப்பது சட்டையைக் கழற்றாமல் அம்மைத் தழும்பைத் தேடுவதைப் போன்றது. அதன் அடியில்தான் பூஞ்சைத் தொற்றால் சிவந்த அண்ணம் மறைந்திருக்கும். கடைசியாக நாக்கை மேலே தூக்கச் சொல்லி அதன் அடியையும், துணித்துண்டால் நுனியைப் பிடித்து இரு பக்கங்களையும் பாருங்கள். வாய்ப் புற்றுநோய் அதிகம் ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ தென்பட்டால் அந்த நோயாளி அன்றே மேலே வர வேண்டும். பழகிவிட்டால் இவை அனைத்துக்கும் இரண்டு நிமிடங்கள் கூட ஆகாது.

எங்கள் தரப்பிலும் கடன் இருக்கிறது. பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காருபவர்களில் பலர் ஆண்டுக் கணக்கில் வேறு எந்த மருத்துவரையும் பார்க்காதவர்கள். அவர்களுடைய இரத்த அழுத்தத்தை அளப்பது எங்களுக்கு வழக்கமாக வேண்டும். மருந்து ஊசியைக் கையில் எடுத்த பிறகு அல்ல, அதற்கு முன்பே, வந்து ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகு அளக்க வேண்டும். ஊசியைப் பார்த்த அச்சத்தில் ஏறும் அழுத்தத்தை நோய் என்று எழுதிவிடக் கூடாது. 180/110-க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு நோயாளியை நாங்களே கீழே அழைத்துவருவோம். ‘அழைத்துவருவோம்’ என்று சொல்வதைக் கவனியுங்கள். சீட்டு எழுதிக் கையில் கொடுப்பதைச் சொல்லவில்லை.

மறுமொழி | தடுப்பூசி அறை

கடைவாய்ப்பல் ஐயா நீரிழிவிலிருந்து தொடங்கச் சொல்கிறார். குழந்தைகளிலிருந்து தொடங்குவது இன்னும் எளிது என்பது செவிலியரான என் கருத்து. முதல் பிறந்தநாளுக்குள் ஒரு குழந்தை தடுப்பூசிக்காக எங்கள் அறைக்குப் பலமுறை வந்துவிடுகிறது. பல் மருத்துவரை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. பெற்றோர் முதன்முதலாகக் குழந்தையைப் பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது இரவெல்லாம் அது அழுத பிறகுதான். அப்போது சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும்.

முதல் பால்பற்கள் முளைத்ததிலிருந்தே குழந்தைகளுக்கு, சொத்தையைத் தடுக்கும் பூச்சான ஃபுளூரைடு வார்னிஷை முதல்நிலை மருத்துவப் பணியாளர்களே பூச வேண்டும் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2014-இல் பரிந்துரைத்து, 2021-இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. செய்முறை கடினமானதன்று. தாய் ஒரு நாற்காலியிலும் நான் எதிர் நாற்காலியிலும் முழங்காலோடு முழங்கால் ஒட்டும்படி அமர்வோம். குழந்தை தாயைப் பார்த்தபடி அவருடைய மடியில் உட்கார்ந்து, பின்பக்கமாகச் சாய்ந்து என் மடியில் தலை வைக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்து, பற்களைத் துணித்துண்டால் ஒற்றி உலர்த்தி, 5 சதவீத சோடியம் ஃபுளூரைடு உள்ள அந்தப் பசையைச் சிறு தூரிகையால் பூசினால் எச்சில் பட்டதும் இறுகிவிடும். குழந்தை அழும், அழும்போது வாய் நன்றாகத் திறந்திருப்பதால் அது எங்களுக்கு உதவியே. சில வகைப் பசைகள் மறுநாள் துலக்கும்வரை பற்களை மஞ்சளாகக் காட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் சொல்ல மறந்த ஒரு நாளில் ஒரு பாட்டி குழந்தையின் பற்களை முந்தானையால் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டார்.

உதட்டைத் தூக்கும்போது மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல ஒரு வெண்மை தெரிந்தால், அது குழி விழுவதற்கு முந்தைய நிலை. அந்தக் கட்டத்தில் அதை நிறுத்தவும் திருப்பவும் முடியும். அந்தக் கோட்டைத் தாய்க்குக் கைக்கண்ணாடியில் காட்டுங்கள். இரவில் பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள் என்று நூறு முறை சொல்வதைவிட அது வேலை செய்யும்.

மறுமொழி | நாடித்துடிப்பு

பொது மருத்துவனாகச் சற்று மாறுபட்ட குரலில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவினரும் ‘இரண்டே நிமிடம்தான்’ என்று சொல்லி எங்கள் வெளிநோயாளர் அறையில் ஒரு வேலையைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்கு இரண்டு, பாதத்துக்கு இரண்டு, மனச்சோர்வுக் கேள்விகளுக்கு இரண்டு, இப்போது வாய்க்கு இரண்டு. வாசலில் அறுபது பேர் அமர்ந்திருக்கிறார்கள். எனவே இந்த வேலை செவிலியரிடம் இருக்க வேண்டும் என்று கடைவாய்ப்பல் சொன்னதை வழிமொழிகிறேன். மருத்துவரிடம் கொடுத்தால் முதல் வாரம் நடக்கும், மூன்றாவது வாரம் நின்றுவிடும்.

இன்னொன்று. இணைப்பை ஆதரிப்பவர்கள் மிகைப்படுத்தாமல் இருக்க வேண்டும். பல் சுத்தம் செய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்ற சுவரொட்டியை ஒரு மையத்தில் பார்த்தேன். ஈறுநோய்க்கும் இதயநோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று சொல்லச் சான்று போதாது என்பதே அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் எடுத்த நிலை. கருவுற்ற பெண்களுக்கு ஈறு சிகிச்சை அளித்தால் குறைப்பிரசவம் குறையும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். 2006-இல் வெளியான பெரிய ஆய்வில் அது குறையவில்லை. அதே ஆய்வு சிகிச்சை கருவுற்றவருக்குத் தீங்கு செய்யவில்லை என்றும் காட்டியது. ஈறில் இரத்தம் கசியும் கருவுற்ற பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்க அவருடைய ஈறே போதுமான காரணம். குழந்தையின் எடையைக் காட்டி அச்சுறுத்த வேண்டியதில்லை. ‘பிரசவம் முடியட்டும்’ என்று பல் வலியோடு அவரைத் திருப்பி அனுப்புவதுதான் நாங்கள் இரு பிரிவினரும் சேர்ந்து செய்யும் தவறு.

என்னைப் பொறுத்தவரை இணைப்பின் உண்மையான பயன் மருந்துப் பட்டியலில் இருக்கிறது. எலும்புத் தேய்வுக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகளைத் தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால், சிலருக்குத் தாடையெலும்பு ஆறாமல் வெளியே தெரிந்து அழுகத் தொடங்குகிறது. எலும்புத் தேய்வுக்கான மாத்திரை அளவில் இந்த ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய்க்கு ஊசியாகப் போடும் பெரிய அளவில் கணிசமாகக் கூடுதல். எனவே மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே கெட்ட பற்களை எடுத்துவிட வேண்டும். அந்த மருந்தை எழுதும் பேனா கீழ்த்தளத்தில் இருக்கிறது, பிடுங்கும் குறடு மேல்தளத்தில் இருக்கிறது.

அடுத்தது இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள். வார்ஃபரின் எடுப்பவருக்குப் பல் தொற்றுக்காக மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதினால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு சட்டென்று ஏறி இரத்தப்போக்கு ஏற்படலாம். அதற்கு நேர்மாறாக, ஒரு பல் பிடுங்குவதற்காக வார்ஃபரினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிறகு யாரும் மீண்டும் தொடங்கச் சொல்லாமல் பக்கவாதத்தோடு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஐஎன்ஆர் கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலேயே பிடுங்கி, குழியில் தையலும் அழுத்தமும் கொடுத்து இரத்தத்தை நிறுத்திவிடலாம்.

இங்கே ‘தகுதிக் கடிதம்’ என்ற சடங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலிருந்து ஒரு தாள் வருகிறது: ‘இவர் பல் பிடுங்கத் தகுதியானவரா?’ நான் ‘தகுதியானவர்’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். இந்த உரையாடலில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் இருவரும் முன்கூட்டியே எழுதிக்கொண்டிருக்கிறோம். எத்தனை பற்கள், மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் உண்டா, எவ்வளவு இரத்தப்போக்கை எதிர்பார்க்கிறீர்கள், பிறகு என்ன மாத்திரை எழுதப் போகிறீர்கள் என்று பல் மருத்துவர் கேட்டு எழுதினால், கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, சர்க்கரை எந்த நிலையில் இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, எந்த வலிமாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்று நான் பதில் எழுத முடியும். செயற்கை இதய வால்வு உள்ளவருக்குச் சிகிச்சைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன், இதயத்தில் தொற்று வராமலிருக்க, 2 கிராம் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் தேவை என்பது பல் மருத்துவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது, இந்த நோயாளிக்கு அப்படி ஒரு வால்வு இருக்கிறது என்பதுதான். பல்லுக்குத்தானே வந்தோம் என்று அவரும் சொல்லாமல் இருந்துவிடக்கூடும்.

படிக்கட்டு

மூவருக்கும் நன்றி. தகுதிக் கடிதத்தைப் பற்றிப் படித்ததும் எங்கள் கோப்பு அறைக்குச் சென்று பத்துக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் ‘தகுதியானவர்’ என்ற ஒரே சொல்தான். பத்தாவதில் கையொப்பம் மட்டுமே இருந்தது.

எனக்கு இப்போது எஞ்சியிருப்பது கோப்புப் பிரச்சினை. கீழே ஒரு மென்பொருள், மேலே வேறொரு மென்பொருள். இரண்டையும் இணைத்துத் தருவதற்கு விற்பனையாளர் கேட்கும் தொகையை நிர்வாகம் ஏற்காது.

மறுமொழி | கோப்புக்காரன்

மருத்துவப் பதிவுகளைக் கையாள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மென்பொருளை இணைக்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றன, அதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. பல் மருத்துவத்துக்கென்று தனிக் கல்லூரி 1840-இல் பால்டிமோரில் தொடங்கியதிலிருந்து அது தனக்கென்று பள்ளி, பட்டம், காப்பீடு, பதிவேடு எல்லாவற்றையும் தனியாகவே வளர்த்துக்கொண்டது. பொது மருத்துவக் கோப்பு நோயின் பெயரைச் சுற்றி எழுதப்படுகிறது; பல் கோப்பு பல்லின் எண்ணைச் சுற்றி எழுதப்படுகிறது. ‘36’ என்று எழுதினால் அது இடது கீழ் முதல் கடைவாய்ப்பல் என்று மேலே உள்ளவருக்குப் புரியும். கீழே உள்ளவர் அதை வயது என்று நினைப்பார். உலகச் சுகாதாரப் பேரவை 2021-இல் வாய் நலத்தைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றி, அதைத் தொற்றா நோய்களோடும் அனைவருக்குமான மருத்துவச் சேவையோடும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது நல்ல செய்திதான். ஆனால் தீர்மானம் உங்கள் கோப்பு அறைவரை வந்து சேர நாளாகும்.

அதுவரைக்கும் ஒரு பக்கத் தாள் போதும். ஒவ்வாமை, இப்போது எடுக்கும் மருந்துகள், நாள்பட்ட நோய்கள், கடைசி ஹெச்பிஏ1சி, கடைசி இரத்த அழுத்தம், வாயில் கண்டது என்ன, அடுத்து எங்கே எப்போது வர வேண்டும் என்பவை மட்டும் அதில் இருக்கட்டும். இரு பிரிவினரும் அதே தாளில் எழுத வேண்டும். நோயாளி தன் கையேட்டிலேயே அதை வைத்திருக்கலாம். பல் எண்ணைத் தவிர்த்து ‘கீழ் இடது கடைவாய்ப்பல்’ என்றே எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, ‘வேறு நோய்கள் உண்டா?’ என்ற கேள்வியை மேல்தளத்தில் தடைசெய்யுங்கள். ‘என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? பையில் இருந்தால் காட்டுங்கள்’ என்று கேட்டால் அந்த அம்மையாரின் சர்க்கரை மாத்திரை மேசைக்கு வந்திருக்கும்.

இனி பரிந்துரைச் சீட்டு. சீட்டு கொடுத்தவுடன் கீழ்த்தளத்தின் கடமை முடிந்துவிட்டது என்ற எண்ணம் இருக்கும்வரை எதுவும் மாறாது. எங்கள் மையத்தில் ஒரு பதிவேடு வைத்தோம்: யாரை அனுப்பினோம், எதற்காக, மேலே வந்தாரா, என்ன செய்யப்பட்டது, வராவிட்டால் ஏன். அந்தக் கடைசிப் பத்தியை நிரப்புவதற்காக வாரம் ஒருமுறை ஒரு பணியாளர் தொலைபேசியில் அழைத்தார். பல் மருத்துவத்தின் மீதுள்ள அச்சம்தான் பெரிய காரணமாக இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கிடைத்த விடை வேறு. வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள். இரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட வெளியே ஓடியவர்களிடம் ‘மேலே போய்ப் பல்லைக் காட்டுங்கள்’ என்று சீட்டை நீட்டியிருக்கிறோம்.

இதைக் கண்டுபிடித்த பிறகு நாங்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் இரண்டாவது இரத்தப் பரிசோதனைக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் அல்லவா? பெஞ்சில் சும்மா அமர்ந்திருக்கும் அந்த நேரத்தையே ஈறுப் பரிசோதனைக்கான நேரமாக்கினோம். பெயரைக் கூப்பிட்டு, உதவியாளர் உடன் நடந்து மேலே அழைத்துச் சென்று, பல் மருத்துவரிடம் ‘இவர் இன்னாருடைய நோயாளி, ஈறில் இரத்தம் வருகிறது’ என்று சொல்லி விட்டுவருவார். மூன்றாவது நாற்காலி தேவைப்படவில்லை. ஒரு நாற்காலியின் முற்பகல் நேரத்தை நீரிழிவுப் பிரிவு நடக்கும் நாட்களில் ஒதுக்கினோம், அவ்வளவுதான்.

மறுமொழி | கடைவாய்ப்பல்

கோப்புக்காரன் சொன்ன அந்த இரண்டு மணி நேர யோசனை எனக்கு இத்தனை ஆண்டுகளில் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த நேரத்தில் பரிசோதனையும் ஈறின் ஆழத்தை அளப்பதும் மட்டும் நடக்கட்டும். பல் பிடுங்குவதோ மரத்துப்போகும் ஊசி போடுவதோ வேண்டாம். வலியும் பதற்றமும் அட்ரினலினும் சர்க்கரையை ஏற்றி, வரப்போகும் இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பொய்யாக்கலாம். சிகிச்சைக்கு வேறொரு நாள் குறித்துக்கொடுங்கள். அன்று வழக்கமான உணவையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். ‘ஊசி போடுவார்களே’ என்று பட்டினியாக வந்து நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி வியர்த்துச் சாய்ந்தவர்கள் உண்டு.

நாடித்துடிப்பு அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல் வலியோடு உங்கள் அறைக்கு வருபவருக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கும் வலிமாத்திரையும் எழுதி அனுப்புவது உங்கள் தரப்பின் சடங்கு. காய்ச்சலோ வீக்கமோ இல்லாத பல் வலிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. பல் சிகிச்சை உடனே கிடைக்கும் இடத்தில் அதை எழுத வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மாத்திரையால் வலி அடங்கும், சீழின் ஊற்று அப்படியே இருக்கும், அடுத்த மாதம் அவர் மீண்டும் உங்களிடமே வருவார். அதற்கு மாறாக, தாடைக்கு அடியில் இரு பக்கமும் கெட்டியாக வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, எச்சில் விழுங்க முடியாமல், குரல் மாறி ஒருவர் வந்தால் அவரை எங்கள் வரிசைக்கும் அனுப்பாதீர்கள், உங்கள் வரிசையிலும் நிற்க விடாதீர்கள். மூச்சுக்குழல் அடைபடும் ஆபத்து அது. ஆம்புலன்ஸில் நேராகப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த ஓர் அடையாளத்தை இரு தளங்களின் வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், ஏனெனில் அவரை முதலில் பார்க்கப்போவது அவர்கள்தாம்.

மறுமொழி | நாடித்துடிப்பு

ஏற்றுக்கொள்கிறேன். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதியவர்களில் நானும் ஒருவன். மேல்தளத்தில் இன்றே யாராவது பார்ப்பார்கள் என்ற உறுதி இல்லாததால்தான் எழுதினேன். மேல்தளத்தில் தினமும் இரண்டு அவசர இடங்களைக் காலியாக வைத்திருங்கள், என் பேனா தானாகவே நின்றுவிடும்.

படிக்கட்டு

அந்த இரண்டு இடங்களை எங்கள் பல் மருத்துவரிடம் இன்று கேட்டேன். முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று ஒத்துக்கொண்டார். வரும் திங்கள்கிழமை முதல் நீரிழிவு நாட்களில் இரண்டு மணி நேரப் பெஞ்சிலிருந்து தொடங்குகிறோம். பதிவேட்டுக்குக் கோடு போட்டுவிட்டேன், ‘வராவிட்டால் ஏன்’ என்ற பத்தியைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அகலமாக விட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கான வார்னிஷ் இரண்டு மாதம் கழித்து. ஒரு பக்கத் தாளின் முதல் படியை, முதலில் சொன்ன அந்த அம்மையாருக்காக நானே உட்கார்ந்து எழுதினேன். வாயில் கண்டது என்ன என்ற இடத்தை மட்டும் நிரப்பத் தெரியாமல் தாளை எடுத்துக்கொண்டு மேலே சென்றேன்.